வாசற்படிக்கு அப்பால் நிற்பவர் கண்டது

எங்கள் பக்கம் வீட்டோடு தொழில் நடத்துகிறவர்களிடம் எழுதப்படாத ஒரு விதி உண்டு. கைப்பக்குவமும் கணக்கும் வாசற்படி தாண்டக் கூடாது என்பதே அது. கல்லிடைக்குறிச்சியில் அப்பளம் இடுகிற வீடுகளில் இந்த விதி இன்றும் கறாராகவே இருக்கிறது. உளுந்து மாவுக்கு அப்பளக் காரம் (அப்பளத்தை உப்பவைக்கும் உப்பு) எவ்வளவு, பெருங்காயத்தை ஊறவைத்துச் சேர்ப்பதா பொடித்துச் சேர்ப்பதா, பிரண்டைச் சாற்றை எந்தக் கட்டத்தில் விடுவது என்பவையெல்லாம் மாமியார் மருமகளுக்கு மட்டுமே சொல்லும் சங்கதிகள். பக்குவத்தை மறைத்து வைப்பதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் வெளியே எதையும் சொல்லாத பழக்கம், நாளடைவில் வெளியிலிருந்து எதையும் கேட்டுக்கொள்ளாத பழக்கமாகத் திரிந்துவிடுவதைப் பல வீடுகளில் பார்த்து வருகிறேன். இரண்டும் ஒன்றல்ல. இந்தப் பதிவு இரண்டாவதைப் பற்றியது.

நான் சங்கரன்கோவில் பக்கத்துக் கரிசல் ஊரிலிருந்து இந்த ஆற்றங்கரைக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். அப்பளத்தைத் தின்று பழக்கமே தவிர, அது எப்படி உருவாகிறது என்று தெரியாது. ஆகவே வந்த புதிதில் கண்ணில் பட்டதையெல்லாம் கேட்டேன். கடைக்காரர்கள் சிறு சிறு கட்டாகப் பிரித்து விற்கும்போது நாம் ஏன் நூறு நூறாகக் கட்டுகிறோம்? நல்ல வெயில் அடிக்கும்போதே ஏன் அப்பளத்தை நிழலுக்கு மாற்றுகிறோம்? மாவு இடிக்கும் இடம் பின்கட்டிலும் உளுந்து மூட்டை முன்கட்டிலும் ஏன் இருக்கின்றன? அத்தை கோபித்துக்கொள்ளவில்லை. "கேக்கதையெல்லாம் ஒரு நோட்டுல எழுதி வை, அடுத்த வருசம் எடுத்துப் பாரு" என்றார். அப்போது அது தட்டிக்கழிக்கும் பேச்சாகத்தான் பட்டது.

அடுத்த ஆண்டு அந்த நோட்டைப் புரட்டியபோது, பாதிக் கேள்விகள் எனக்கே அர்த்தமற்றவையாகத் தோன்றின. அவற்றில் சிலவற்றுக்கு உண்மையிலேயே நல்ல விடை இருந்தது. கடும் வெயிலில் முழுக்கக் காய்ந்த அப்பளம் ஓரம் சுருண்டு, கட்டும்போதே உடையும். அதனால்தான் பாதி ஈரத்தில் நிழலுக்கு வருகிறது. ஆனால் நூறு எண்ணிக் கட்டுவதற்கு ஒரு விடையும் இல்லை. முன்பு சரக்கு எடுத்த மண்டிக்காரர் ஒருவர் அப்படிக் கேட்டிருக்கிறார். அந்த மண்டி மூடி வெகுகாலம் ஆகியும் நாங்கள் நூறாகவே கட்டிக்கொண்டிருந்தோம். விடையுள்ள கேள்வியும் விடையில்லாத கேள்வியும் ஒரே ஆண்டில் என் கண்ணுக்கு ஒன்றுபோலவே தெரியத் தொடங்கியிருந்தன என்பதுதான் என்னைத் திடுக்கிட வைத்தது. புதிதாக வந்தவரின் பார்வைக்கு ஆயுள் மிகக் குறைவு. இப்போது பில் போடவோ பொட்டலம் கட்டவோ யார் புதிதாகச் சேர்ந்தாலும், முதல் மாதத்தில் அவர்களுக்கு வினோதமாகப் படுவதை எழுதித் தரச் சொல்கிறேன். வேலை பழகிய பிறகு கேட்டால் "எல்லாம் சரியாத்தான் இருக்கு அக்கா" என்ற பதில்தான் வரும்.

வெளியாரிடம் கேள் என்று சொல்வது எளிது. கேட்டதை என்ன செய்வது என்பதில்தான் சிக்கல். என் அனுபவத்தில் வெளியிலிருந்து வருகிற ஒவ்வொரு பேச்சிலும் இரண்டு சரக்குகள் கலந்திருக்கும். ஒன்று, அவர் கண்டது. மற்றொன்று, அதற்கு அவர் சொல்லும் வழி. முதலாவது பெரும்பாலும் பொன்னாக இருக்கும். இரண்டாவது பெரும்பாலும் நமக்குப் பொருந்தாது. இந்த இரண்டையும் பிரிக்கத் தெரியாதவர்களில் ஒரு சாரார் வழி பொருந்தவில்லை என்பதற்காகக் கண்டதையும் சேர்த்துத் தள்ளிவிடுகிறார்கள். மறுசாரார் கண்டது சரியாக இருப்பதால் வழியையும் அப்படியே ஏற்றுக்கொண்டு கையைச் சுட்டுக்கொள்கிறார்கள்.

அம்பாசமுத்திரத்தில் நாங்கள் சரக்குப் போடும் பார்சல் அலுவலகத்தின் லோடுமேன் ஒருவர் சொன்னதை எடுத்துக்கொள்கிறேன். வெளியூருக்குப் போகும் அப்பளம் நொறுங்கிப் போகிறது என்று கடைக்காரர்கள் சொல்லும்போதெல்லாம், மேலே பாரம் ஏற்றுவதால்தான் என்று வீட்டில் எல்லோரும் நம்பினோம். அவர் பெட்டியைக் காதருகே வைத்து ஆட்டிக் காட்டிவிட்டு, "பாரத்துல நொறுங்கலக்கா, உள்ள லொடலொடன்னு ஆடுதுல்லா, அதுலதான் நொறுங்குது" என்றார். அப்பளத்தின் அகலத்தைவிட உறையின் அகலம் கூடுதலாக இருந்ததால், வண்டி குலுங்கும்போதெல்லாம் அப்பளங்கள் ஒன்றோடொன்று மோதிக்கொண்டிருந்தன. நாள் முழுக்கப் பெட்டிகளைத் தூக்குகிற கைக்கு மட்டுமே தெரியக்கூடிய உண்மை இது. ஆனால் அதற்கு அவர் சொன்ன வழி, மரப்பெட்டியில் அனுப்ப வேண்டும் என்பது. மரப்பெட்டியின் எடைக்கும் சேர்த்து வாடகை கொடுத்தால் அப்பளத்தில் மிச்சம் என்று ஒன்றும் நிற்காது. நாங்கள் உறையின் அகலத்தைக் குறைத்து, கட்டின் மேலும் கீழும் வட்டமாக வெட்டிய அட்டையை வைத்து இறுக்கினோம். அவருடைய கண் எங்களுக்கு வேண்டியிருந்தது. வழியை எங்கள் கணக்குப்புத்தகம்தான் சொல்ல முடிந்தது.

புனலூர்க் கடைக்காரர் விஷயம் இதைவிடச் சுவையானது. செங்கோட்டை தாண்டினால் அப்பளம் பப்படம் ஆகிவிடுகிறது. கேரளத்துப் பப்படம் எண்ணெயில் விழுந்ததும் குப்பென்று உப்பும். அதைச் சோற்றிலும் பாயசத்திலும் நொறுக்கிச் சேர்த்து உண்பார்கள். "சேச்சி, உங்க சாதனம் நல்லதுதான், ஆனா பொங்கி வரலியே, அப்பளக் காரம் கொஞ்சம் கூட்டுங்க" என்றார் அவர். காரத்தைக் கூட்டினால் உப்பும் என்பது உண்மைதான். ஆனால் பொரிக்கும்போது சிவந்து, வாயில் ஒரு கசப்பும் தட்டும். அதைச் செய்தால் எங்கள் அப்பளம் பப்படமும் ஆகாது, அப்பளமாகவும் இராது. ஆகவே அவர் சொன்ன வழியை விட்டுவிட்டு, அவர் கண்டது என்ன என்று யோசித்தோம். அவருடைய கடையில் எங்கள் சரக்கு பப்படத்தின் பக்கத்தில் அடுக்கப்படுகிறது, வாங்குகிறவர் இரண்டையும் ஒப்பிடுகிறார், ஒப்பிட்டால் எங்களுடையது தோற்கிறது என்பதே அவர் கண்டது. அப்படியும் விடாமல் வாங்குகிறவர்கள் யார் என்று அவரிடமே விசாரித்தோம். அங்கே குடியிருக்கும் தமிழ் வீட்டார்களும், சாயங்காலம் தணலில் சுட்டுத் தின்ன விரும்புகிறவர்களும் என்றார். எண்ணெய் வேண்டாம் என்று மருத்துவர் சொன்னவர்களும் அதில் சேர்த்தி. அதன்பிறகு அந்தக் கடையில் அது சுட்டுத் தின்னும் அப்பளம் என்ற பெயரோடு, பப்படத்தை விட்டு விலகி வேறு தட்டில் இருக்கிறது. பக்குவத்தில் ஒரு சிட்டிகைகூட மாறவில்லை.

தாமிரபரணிக் கரையில் இந்தச் சங்கதிக்குப் பெரிய அளவில் ஒரு வரலாறே உண்டு. பாபநாசத்தில் தண்ணீர் விழுகிற இடம் நம்மவர்களுக்கு நீராடும் துறை. ஆடி அமாவாசைக்கு முன்னோருக்குக் கொடுக்கும் கரை. 1880களில் அங்கே வந்த ஸ்காட்லாந்துக்காரர்களான ஹார்வி சகோதரர்கள் அதே தண்ணீரில் இயந்திரம் சுற்றும் விசையைக் கண்டார்கள். விக்கிரமசிங்கபுரத்துப் பஞ்சாலை அப்படித்தான் எழுந்தது. பருத்தி கரிசலில் விளைந்தது, தண்ணீர் மலையிலிருந்து விழுந்தது, இரண்டுமே காலங்காலமாக இங்கேயே இருந்தவை. அவற்றைச் சேர்த்துப் பார்ப்பதற்கு அந்தத் துறையில் நீராடிப் பழகாத ஒரு கண் தேவைப்பட்டது என்பதை நம் பெருமைக்காக மறுக்க வேண்டியதில்லை.

ஆனால் கதை அதோடு முடியவில்லை. தண்ணீரின் விசை தெரிந்த அந்தக் கண்ணுக்கு, ஆலைக்குள் நின்ற ஆட்களின் நிலை தெரியவில்லை. அதே ஹார்வி நிறுவனத்தின் தூத்துக்குடி கோரல் மில்லில் 1908 பிப்ரவரி இறுதியில் வேலைநிறுத்தம் வெடித்தது. முன்னே நின்றவர்கள் வ.உ.சிதம்பரம் பிள்ளையும் சுப்பிரமணிய சிவாவும். இருவருமே ஆலைத் தொழிலுக்கு வெளியாட்கள். மார்ச் தொடக்கத்தில் நிர்வாகம் கூலி உயர்வுக்கும் வேலைநேரக் குறைப்புக்கும் வார விடுமுறைக்கும் இறங்கி வந்தது. வ.உ.சி. கப்பல் தொழிலுக்கும் வெளியாள்தான் என்பதை இந்த இடத்தில் சொல்லியாக வேண்டும். 1906ல் பத்து லட்ச ரூபாய் மூலதனம் என்று வகுத்து, பங்கொன்று 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகளாகப் பிரித்துச் சுதேசிக் கப்பல் கம்பெனியைப் பதிவு செய்தவர் ஒட்டப்பிடாரத்து வக்கீல். "தொழில்ல ஊறினவன்தான் தொழிலைப் பத்திப் பேசணும்" என்று மாமா சொல்லும்போதெல்லாம் இந்தக் கணக்கை நான் நினைத்துக்கொள்வேன். எங்கள் ஊர்ச் சங்கரலிங்க ஐயரும் சிமெண்ட் பரம்பரையில் வந்தவரல்லர். 1946ல் அவர் முன்னின்று தொடங்கிய இந்தியா சிமெண்ட்ஸ்தான் 1949ல் தாழையூத்தில் ஆலையை ஓட்டியது. இதை மாமாவிடம் சொன்னால், "அது பெரிய எடம்மா" என்று பேச்சை முடித்துவிடுவார்.

கோரல் மில் விவகாரத்திலிருந்து என் தொழிலுக்கு நான் எடுத்துக்கொண்டது ஒன்று உண்டு. வெளியார் என்றால் ஊருக்கு வெளியே இருப்பவர் என்று மட்டும் பொருளில்லை. எங்களிடம் மாவு உருண்டையை வாங்கிக்கொண்டு போய், வீட்டில் வைத்து அப்பளம் தேய்த்துக் கொடுக்கும் பெண்கள் தொழிலின் நடுவிலேயே இருக்கிறார்கள். ஆனால் முடிவெடுக்கும் இடத்துக்கு அவர்கள் வெளியாட்கள். எண்ணிக்கைக்குக் கூலி என்பதால், எண்ணி வாங்கி எண்ணிக் கொடுக்கும் நேரத்தைத் தவிர அவர்களிடம் பேச்சே இருந்ததில்லை. ஒரு மாவு இழுபடாமல் விரிசல் விட்டால் அது தேய்க்கிறவருக்குத்தான் முதலில் தெரியும். உளுந்து பழையதா, மாவு இடித்தது போதாதா, தண்ணீர் குறைவா என்று கையிலேயே பிரித்துச் சொல்லக்கூடியவர்கள் அவர்கள். அதைச் சொன்னால் கூலியில் பிடித்தம் வருமோ என்ற பயத்தில் சொல்லாமல் தேய்த்துக் கொடுத்துவிடுவார்கள். விரிசல் மாவைத் திருப்பிக் கொடுத்தாலும் அன்றைக்குரிய கூலி உண்டு என்று நாங்கள் அறிவித்த பிறகுதான் மாவு திரும்பி வரத் தொடங்கியது. குறையைச் சொல்கிறவருக்கு நஷ்டம் வராதபடி செய்யாமல், "தைரியமாச் சொல்லுங்க" என்று மட்டும் சொல்லிப் பயனில்லை.

வாடிக்கையாளர்களிடம் தடையாக நிற்பது பயம் அன்று, மரியாதை. நெல்லைச் சீமையில் ஒருவர் முகத்துக்கு நேரே அவர் வீட்டுப் பண்டத்தைக் குறை சொல்வது அநாகரிகம். "அப்பளம் எப்படி இருந்துச்சு?" என்று கேட்டால் "பிரமாதம்" என்பார்கள், அடுத்த முறை வேறு கடையில் வாங்குவார்கள். ஆகவே எப்படி இருந்தது என்று கேட்பதை நான் நிறுத்திவிட்டேன். நடந்ததை மட்டும் கேட்கிறேன். போன தடவை வாங்கினது தீர எத்தனை நாளாயிற்று, கடைசியில் கொஞ்சம் மிஞ்சிற்றா, மிஞ்சினதை என்ன செய்தீர்கள் என்று கேட்டால், குறை சொல்கிறோம் என்ற கூச்சமே இல்லாமல் உண்மை வந்துவிடுகிறது. வீரவநல்லூர் டீச்சர் ஒருவர் பாதிக் கட்டை எப்போதும் வேலைக்கார அம்மாவிடம் கொடுத்துவிடுகிறார் என்பது இப்படித்தான் தெரிந்தது. வீட்டில் இரண்டே பேர், இருவருக்கும் இரத்தக் கொதிப்பு, உப்பு ஆகாது. சிறு கட்டு வேண்டும் என்று அவர் ஒருநாளும் கேட்டதில்லை, கேட்டிருக்கவும் மாட்டார். வாங்குவதை நிறுத்திவிட்டவர்களைத் தேடிப் போய்ப் பேசுவது இதைவிடவும் பயன் தரும். ஆனால் சங்கடமான வேலை. கடன்பாக்கி வசூலுக்கு வந்திருக்கிறோம் என்றே முதலில் நினைப்பார்கள்.

இனி, கணக்கில் வெளிப்பார்வை என்பதைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இது எங்கள் வீட்டில் இப்போது நடந்துகொண்டிருக்கும் விவாதம். மலையடிவாரம் என்பதால் ஆனி, ஆடி மாதங்களில் எங்களுக்குச் சாரல்; ஐப்பசி, கார்த்திகையில் அடைமழை. இரண்டு பருவத்திலும் அப்பளம் காய்வது பெரும்பாடு, ஈரம் நின்றால் பூஞ்சை பிடிக்கும். சூரிய உலர்த்திக் கூடாரம் ஒன்று போடலாம் என்று திட்டம். 2020ல் மத்திய அரசு தொடங்கிய குறு உணவுத் தொழில் திட்டத்தில் 35 சதவீதம், அதிகபட்சமாக 10 லட்சம் ரூபாய் வரை, வங்கிக் கடனோடு சேர்ந்த மானியம் உண்டு. வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து, விண்ணப்பத்துக்கு இவ்வளவு நாள், வங்கிக்கு இவ்வளவு, கொத்தனாருக்கு இவ்வளவு என்று கூட்டி, அடுத்த சாரலுக்குள் முடிந்துவிடும் என்று முடிவு கட்டினோம்.

உளவியலாளர் டேனியல் கானமன் தம் வாழ்க்கையில் நடந்ததாகச் சொன்ன ஒரு செய்தி அப்போது எனக்கு நினைவுக்கு வந்தது. இஸ்ரேலில் பள்ளிப் பாடநூல் ஒன்றை எழுத அமைந்த குழுவில் அவர் இருந்தார். வேலை முடிய எவ்வளவு காலம் ஆகும் என்று ஒவ்வொருவரும் தனித்தனியே எழுதியபோது, எல்லோரும் ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் என்றே எழுதினார்கள். குழுவில் பாடத்திட்ட வல்லுநர் ஒருவர் இருந்தார். இதுபோன்ற மற்றக் குழுக்களுக்கு எவ்வளவு காலம் ஆயிற்று என்று அவரிடம் கானமன் கேட்டார். அவர் சற்று யோசித்துவிட்டு, நூற்றுக்கு நாற்பது குழுக்கள் முடிக்கவே இல்லை, முடித்தவர்களுக்கும் ஏழு முதல் பத்து ஆண்டுகள் ஆயின என்றார். இவர்களுக்கு முடிவில் எட்டு ஆண்டுகள் பிடித்தன. எனக்கு இதில் வியப்பானது அந்த எட்டு அன்று. பிறருடைய கதை முழுவதையும் தலைக்குள் வைத்திருந்த அந்த வல்லுநரும் தம் சீட்டில் இரண்டு என்றுதான் எழுதியிருந்தார். தம் குழுவைப் பற்றி எண்ணும்போது பிறர் கதை அவருக்கு நினைவுக்கே வரவில்லை.

ஆகவே நாங்கள் போட்ட கூட்டலை மூடி வைத்துவிட்டு, ஏற்கெனவே உலர்த்தி போட்டவர்களைத் தேடினோம். வற்றல் வடகம் போடுகிறவர் ஒருவர், முருங்கையிலைப் பொடி செய்கிறவர் ஒருவர், இன்னும் ஓரிருவர். எவருமே தாம் நினைத்த பருவத்துக்குள் முடித்திருக்கவில்லை. தாமதத்துக்கு ஒவ்வொருவரும் ஒவ்வொரு காரணம் சொன்னார்கள். பத்திரத்தில் பெயர்ப் பிழை, வங்கி மேலாளர் மாற்றல், மின் இணைப்பு. அந்தக் காரணங்கள் எங்களுக்கு வராது என்று மாமா வாதிட்டார். உண்மைதான், அவை வராமல் போகலாம். வேறு ஏதேனும் வரும். அதனால் இந்த ஆண்டுச் சாரலுக்குப் பழைய ஏற்பாடே என்று வைத்துக்கொண்டு, வழக்கம்போலச் சித்திரை, வைகாசியிலேயே கூடுதலாகத் தேய்த்து இருப்பு வைக்கிறோம். மானியமும் உடனே கைக்கு வருகிற பணம் அன்று என்பதால், அதை நம்பி எந்தச் செலவையும் முன்கூட்டி ஒப்புக்கொள்ளவில்லை.

கேட்பதற்கு வெளியாளே கிடைக்காத நேரங்களும் உண்டு. கணினிச் சில்லு செய்யும் இன்டெல் நிறுவனத்தின் தலைமைப் பொறுப்பில் இருந்த ஆண்டி குரோவ் 1985ல் அப்படியொரு நிலையில் இருந்தார். நினைவகச் சில்லுத் தொழிலில் ஜப்பானியப் போட்டி தாங்காமல் நிறுவனம் நஷ்டத்தில் தத்தளித்தபோது, உடன் இருந்த கார்டன் மூரிடம், நம்மை நீக்கிவிட்டு வேறொருவரைக் கொண்டுவந்தால் அவர் என்ன செய்வார் என்று கேட்டார். நினைவகத் தொழிலைக் கைவிடுவார் என்றார் மூர். அப்படியானால் அதை நாமே செய்தால் என்ன என்று குரோவ் திருப்பிக் கேட்டார், செய்தார்கள். எங்கள் வீட்டில் இதே கேள்வியை வேறு விதமாகக் கேட்பது வழக்கம்: இந்தத் தொழிலை நாளைக்கு யாரோ ஒருவர் விலைக்கு வாங்கினால், முதல் வாரத்தில் எதை நிறுத்துவார்? மாமாவுக்கு இந்தக் கேள்வி பிடிக்காது, விற்கிற பேச்சை வீட்டில் எடுப்பது அபசகுனம் என்பார். ஆனாலும் கடன் சிட்டையை யாருக்கும் பாகுபாடின்றி மாதத்துக்கொரு முறை முடிக்க வேண்டும் என்ற முடிவு இந்தக் கேள்வியிலிருந்துதான் பிறந்தது.

எல்லோர் பேச்சையும் கேட்டுக்கொண்டிருந்தால் அடுப்பே எரியாது என்பதும் தெரியும். கல்யாண வீட்டுப் பந்தியில் பக்கத்து இலையில் உட்கார்ந்து, சென்னையில் இது எப்படி விற்கும் தெரியுமா என்று தொடங்குகிற உறவினரிடம் நான் பாயசத்தைப் பற்றிப் பேசிவிடுவேன். அவருக்கு அறிவில்லை என்பதால் அல்ல. சரக்கைத் தொடாமல், விலையைக் கேட்காமல், ஒரு கட்டுக்கூட வாங்காமல் சொல்லப்படும் பேச்சில் வழி மட்டுமே இருக்கிறது, கண்டது என்று எதுவும் இல்லை.

சென்னையில் பொறியியல் படிக்கும் நாத்தனார் மகள் போன விடுமுறைக்கு வந்திருந்தாள். உறையில் தயாரித்த தேதி மடிப்புக்குள் போய்விடுகிறது, பொரிப்பதா சுடுவதா என்று பார்த்தவுடன் தெரியவில்லை, இரண்டையும் அறையில் கூட இருக்கும் பெண்கள் கேட்டார்கள் என்றாள். அதோடு, பெயரை மாற்ற வேண்டும், இணையத்தில் கடை திறக்க வேண்டும், ஊர்ப்பெயரைச் சிறிதாகப் போட வேண்டும் என்று பெரிய திட்டமும் வைத்திருந்தாள். தேதியையும் சுடுகிற குறிப்பையும் அடுத்த உறை அச்சுக்குப் போகும்போதே திருத்துகிறோம். இணையக் கடை பற்றி முடிவெடுக்குமுன், அவளுடைய அறைத்தோழிகளில் யார் இரண்டாம் முறை கேட்டு வாங்கினார்கள், யார் வாங்கவில்லை என்று பெயர் வாரியாக எழுதி அனுப்பச் சொல்லியிருக்கிறேன். ஊர்ப்பெயர் இருக்கிற அளவிலேயே இருக்கும்.